வயிற்றுச் சதையை எடுத்தும் எடை திரும்பிவிட்டது, இனி என்ன செய்வது?

உணவும் உடலும்: வாசகர் கேள்வி பதில்
பதில் எழுதுபவர், கோவையில் எடைக்குறைப்பு அறுவைப் பிரிவில் உணவியலாளராகப் பல காலம் பணியாற்றியவர்.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கமுங்க. எனக்கு வயது 41. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஊர். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப ராத்திரி ஒன்பது ஆகிவிடும். இரண்டு குழந்தைகளும் சிசேரியன். இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் அடிவயிறு தொங்கிப்போய், மாசமாக இருக்கிறேன் என்று நினைத்துப் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். அது பொறுக்காமல் 2021இல் ஒரு தனியார் மருத்துவமனையில், தொங்கும் தோலை வெட்டித் தைக்கும் டம்மி டக் செய்துகொண்டேன். இடுப்பில் கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்ஷனும் செய்தார்கள். அதற்காக ஐந்து பவுனை அடகு வைத்தோம். அப்போது 78 கிலோ, கொஞ்ச நாளில் 72க்கு வந்தேன். இப்போது 96 கிலோ. உயரம் 156 செ.மீ. வயிறு மறுபடியும் முன்னால் வந்துவிட்டது. முன்பு போலத் தொங்கவில்லை, கெட்டியாக இருக்கிறது. முதுகும் கையும்கூடப் பெருத்துவிட்டன.

இரண்டு வருடமாகச் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை. போன மாதம் எச்.பி.ஏ1.சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 8.4. ராத்திரி குறட்டை அதிகம், பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொக்குகிறது. நெஞ்சுக்கரிப்பு அடிக்கடி வரும். முழங்கால் வலிக்கு வலி மாத்திரை போடுவேன். பஞ்சுத் தூசிக்கு இளைப்பு வரும். அதற்கு மூன்று வருடமாக ஒரு மாத்திரை, பழைய அட்டையைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்வேன், போட்டால் உடனே கேட்கும். சத்தியமாக நான் அதிகம் சாப்பிடுவதில்லைங்க. மத்தியானம் ஒரு டப்பா சோறு, கம்பெனியில் ஐந்தாறு டீ, பொழுதோட ஒரு போண்டா, ராத்திரி வந்து மீதி சோறு.

ஈரோட்டில் ஒரு டாக்டர், இரைப்பையைச் சின்னதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். வீட்டுக்காரர், "ஒருக்கா காசக் கொட்டுனது பத்தாதா?" என்கிறார். 2021இல் செய்தது என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். மாமியாரிடமும் ஒறம்பரையிடமும் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டோம். போன தை மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் பெரியத்தை எல்லார் முன்னாடியும், "ஏங்கண்ணு, குடலிறக்கம் மறுக்காவும் வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டார். சாப்பிடாமலே வந்துவிட்டேன். ஈரோட்டு டாக்டரிடமும் கூச்சத்தில் குடலிறக்கம் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். டம்மி டக் செய்த வயிற்றில் ஸ்லீவ் செய்யலாமா? பழைய தையல் பிரிந்துவிடுமா? பக்கத்து வீட்டில் எடை குறைய ஊசி போடுகிறார்கள், அதுவே போதுமா? மறுபடியும் எடை ஏறாது என்பதற்கு என்ன நிச்சயம்?

பெயர் வேண்டாம், பெருந்துறை வட்டாரம்

பதில்: அம்மிணி, ஆபரேஷன் பேச்சுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த இளைப்பு மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பிரட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், இந்த மூன்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. போட்டதும் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் எனக்கு இந்தச் சந்தேகம். ஸ்டீராய்டு மாத்திரை பசியைக் கிளப்பும். முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் கொழுப்பைச் சேர்க்கும். சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும். நீங்கள் அதை வாங்கத் தொடங்கி மூன்று வருடம், சர்க்கரை வந்து இரண்டு வருடம். இந்தக் கணக்கைப் பார்க்காமல் யாரும் உங்கள் இரைப்பையில் கை வைக்கக்கூடாது.

பெயர் இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பல மாதங்கள் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகும். நுரையீரல் மருத்துவரிடம் அட்டையோடு போங்கள். படிப்படியாகக் குறைத்து இன்ஹேலருக்கு மாற்றுவார். இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்று நம் பக்கம் ஒரு பயம் இருக்கிறது. மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் உடம்பு முழுக்கப் போகும் மருந்து, இன்ஹேலரில் மைக்ரோகிராம் கணக்கில் நேராக மூச்சுக்குழாய்க்குப் போகிறது. பயப்பட வேண்டியது அந்த அட்டைக்குத்தான்.

அதோடு தைராய்டுக்கு டி.எஸ்.எச் ரத்தப் பரிசோதனை பாருங்கள். நீங்கள் சாப்பிடும் சர்க்கரை மாத்திரை எது என்றும் பாருங்கள். கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் போன்றவை எடையைக் கூட்டக்கூடியவை. மெட்ஃபார்மின் அப்படி இல்லை.

அதிகம் சாப்பிடுவதில்லை என்கிறீர்கள். நம்புகிறேன். என்னிடம் வந்த பெண்கள் பலரும் இதையே சொல்லித் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் முன்பே அவர்களைப் பொய் சொல்கிறவர்களாக்கி அனுப்பியிருப்பார். எடை கூடுவதற்குச் சாப்பாடு ஒன்றே காரணம் இல்லை. தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டுத் திறந்தால் அது தூக்கமே ஆகாது. தூங்காத உடம்பு பசியைக் கூட்டும். உங்கள் குறட்டையும் பகல் தூக்கமும் ஸ்லீப் அப்னியாவைக் காட்டுகின்றன. ஒரு ராத்திரி தூக்கப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிந்தாக வேண்டும்.

சரி, 2021இல் என்ன நடந்தது? டம்மி டக் என்பது தொப்புளுக்குக் கீழே தளர்ந்த தோலையும் அதன் அடிக்கொழுப்பையும் வெட்டி எடுத்து, பிரசவத்தில் விலகிப்போன நடுவயிற்றுத் தசைகளைச் சேர்த்துத் தைத்து, தொப்புளுக்குப் புது வாசல் வைப்பது. லைப்போசக்ஷன் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. இரண்டும் வடிவத்துக்கான சிகிச்சை. குடலைச் சுற்றியும் ஈரலிலும் சேரும் கொழுப்பை இரண்டுமே தொடுவதில்லை. பசியைத் தொடுவதில்லை, சர்க்கரையைத் தொடுவதில்லை. 2004இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. உடல்பருமன் உள்ள 15 பெண்களுக்கு லைப்போசக்ஷனில் சராசரியாக 9, 10 கிலோ கொழுப்பை எடுத்தார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ கொலஸ்ட்ராலோ மாறவே இல்லை. 2011இல் வந்த இன்னொரு சிறிய ஆய்வில், எடுத்த கொழுப்பு ஓராண்டுக்குள் உடம்புக்குத் திரும்பிவிட்டது. எடுத்த தொடைக்குத் திரும்பாமல் வயிற்றுப் பக்கம் சேர்ந்தது. ஊற்றை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை இறைத்த கதைதான்.

உங்கள் வயிறு இப்போது தொங்காமல் கெட்டியாக இருப்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது. தளர்ந்த தோல் போய்விட்டது, தசை இழுத்துத் தைக்கப்பட்டிருக்கிறது, உள்ளே கொழுப்பு நிறைந்து அதை முன்னால் தள்ளுகிறது. 2021இல் உங்களுக்குச் செய்த சிகிச்சை தோற்கவில்லை. தொங்கல் போக வேண்டும் என்று போனீர்கள், போயிற்று. எடைக்கான சிகிச்சை உங்களுக்கு இன்னும் தொடங்கவே இல்லை. "ஒருக்கா பத்தாதா" என்று கேட்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் இதையே சொல்லுங்கள். அவர் இரண்டையும் ஒரே ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எடைக்குறைப்பு அறுவைக்கு நீங்கள் தகுதியா என்றால், ஆம். 96 கிலோவை 1.56 மீட்டரின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 39ஐத் தாண்டுகிறது. நம் நாட்டு உடல்வாகுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால், சர்க்கரை, பிரஷர் போன்றவை இருந்தால் 32.5, எதுவும் இல்லாவிட்டால் 37.5 என்ற அளவை இந்திய மருத்துவர்கள் 2009 முதல் சொல்லிவருகிறார்கள். 2022இல் உலக அளவிலான அறுவைச் சங்கங்கள் ஆசியர்களுக்கு அதை 27.5 வரையிலும் இறக்கிவிட்டன. எந்தக் கணக்கிலும் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். என்னைக் கேட்டால், ஸ்டீராய்டு விவகாரம் தெளிவானதும் நீங்கள் இந்தச் சிகிச்சையைத் தைரியமாகப் பேசத் தொடங்கலாம். சர்க்கரை வந்து இரண்டே வருடம், இன்சுலின் இல்லை. இந்த நிலையில் செய்கிறவர்களுக்குத்தான் சர்க்கரை நன்றாக இறங்குகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை. டாக்டரிடம் சொன்ன குடலிறக்கக் கதையை மாற்றிச் சொல்ல வேண்டும்.

ஒறம்பரைக்கு நீங்கள் என்ன சொன்னாலும் அது உங்கள் வீட்டு விஷயம். பெரியத்தைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அறுவை மருத்துவரிடம் அப்படிச் செய்ய முடியாது. குடலிறக்கம் என்று கேட்டதும் அவர் ஓட்டையை மூட வைத்த வலையையும் அதில் ஒட்டிய குடலையும் எதிர்பார்த்துத் திட்டம் போடுவார். உங்கள் வயிற்றின் கதை வேறு. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் முதலில் கார்பன் டை ஆக்சைடு வாயுவை உள்ளே விட்டு வயிற்றை உப்ப வைப்பார்கள், அந்த இடைவெளியில்தான் கருவிகள் நடமாடும். தசையை இறுக்கித் தைத்த வயிறு மற்றவர்களுடையதைப் போல உப்பாது, இடம் குறையும். தொப்புளைச் சுற்றித் தோல் வெட்டி மறுபடி தைக்கப்பட்டிருப்பதால், தொப்புளை வைத்துத் துளை போடும் இடத்தைக் கணிப்பதும் மாறலாம். மேல்தோலை வயிற்றுச் சுவரிலிருந்து பிரித்துக் கீழே இழுத்திருப்பதால் அந்தத் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டத்தின் வழியும் பழையபடி இல்லை. இவை எதுவும் ஆபரேஷனைத் தடுக்காது. டம்மி டக் செய்தவர்களுக்கும் ஸ்லீவ், இரைப்பை பைபாஸ் செய்கிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் அனுபவமுள்ளவர் அதற்குத் தக்கபடி துளைகளை வைப்பார். மேஜையில் படுத்த பிறகு அவர் கண்டுபிடிக்கும்படி விடாதீர்கள்.

2021 மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஆபரேஷன் குறிப்பும் வீட்டில் இல்லையென்றால் அங்கே எழுதிக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பதிவைக் கேட்பது உங்கள் உரிமை. நேரில் சொல்ல நா எழவில்லை என்றால் அந்தக் காகிதத்தை மேஜையில் வையுங்கள், போதும். அவர் இதற்காக முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் கோவையில் வேறு மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

தையல் பிரியுமா என்ற பயம் வேண்டாம். இத்தனை ஆண்டில் தசையும் தோலும் ஆறிக் கூடியிருக்கும். எடை ஏறியதில் தசை கொஞ்சம் மறுபடி விலகியிருக்கலாம், தழும்பு அகன்றிருக்கலாம், அவ்வளவுதான். எடை இறங்கிய பிறகு தோல் மறுபடி தளரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஸ்லீவ்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன் நெஞ்சுக்கரிப்பைச் சொல்லுங்கள். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுவார்கள், மீதி ஒரு குழாயாக நிற்கும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பகுதியில்தான் சுரக்கிறது, அதனால் பசி அடங்கும். ஆனால் குழாய்க்குள் அழுத்தம் கூடி, ஏற்கனவே நெஞ்சு கரிக்கிறவர்களுக்கு அமிலம் மேலேறுவது அதிகமாகலாம். பைபாஸில் மேலே சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை செய்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பார்கள். நெஞ்சுக்கரிப்புக்கும் சர்க்கரைக்கும் பல நேரம் இதுவே பொருத்தம். அமெரிக்காவில் 150 சர்க்கரை நோயாளிகளைச் சேர்த்துத் தொடங்கிய ஒரு ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வந்தது. எச்.பி.ஏ1.சி 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். அதே சமயம், பைபாஸ் செய்தவர்கள் முழங்காலுக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைப் போடக்கூடாது, இணைப்பில் புண் வந்து ரத்தம் கசியும். மெடிக்கலில் அட்டை காட்டி வாங்கும் பழக்கம் உங்களுக்கு இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். எண்டோஸ்கோப்பி செய்துவிட்டு, எனக்கு ஏன் ஸ்லீவ், ஏன் பைபாஸ் இல்லை என்று நேராகக் கேளுங்கள். காரணம் சொல்கிற மருத்துவரிடம் போங்கள்.

எவ்வளவு குறையும்? பொதுவாக மொத்த எடையில் கால் பங்கிலிருந்து 30 சதவீதம் வரை. உங்கள் 96இல் அது 24 முதல் 29 கிலோ. அதாவது 67லிருந்து 72 கிலோவுக்குள் வந்து நிற்பீர்கள். கல்யாணத்தில் எடுத்த போட்டோவில் இருக்கும் உடம்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சர்க்கரை இறங்கும், குறட்டை குறையும், முழங்கால் பாரம் குறையும். இந்த மூன்றுக்காகப் போங்கள். ரத்தக்கசிவு, தையல் வழியாகக் கசிவு, காலில் ரத்தம் உறைவது போன்ற ஆபத்துகள் உண்டு. அனுபவமுள்ள இடங்களில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில்தான், ஆனாலும் அது சுழியம் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் என்னால் விட முடியாது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் இரண்டு வாரம் நீராகாரம்தான்: வடிகட்டிய பருப்புத்தண்ணி, மோர், காரமில்லாத கொள்ளு ரசம், புரதப்பொடி கலந்த பால். அப்புறம் கூழாக அரைத்தது, பிறகு குழைந்த அரிசிம்பருப்பு சோறு நாலைந்து கரண்டி, ஒரு மாதத்துக்கு மேல்தான் சாதாரணச் சாப்பாடு. தினமும் 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும். நம் பக்கத்துத் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு மேலே தெளித்த மாதிரியும் இருக்கும், அதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் முட்டை, பச்சைப்பயறு, பனீர், நாட்டுக்கோழி, மீன். கடைசியில் இடம் இருந்தால் சோறு. சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரைமணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பைபாஸ் செய்தவர்கள் நோம்பிக்கு ஒரு ஒப்பிட்டைத் தேங்காய்ப்பாலில் தோய்த்துச் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்தில் படபடப்பு, வேர்வை, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிடுவார்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகள் ஆயுள் முழுக்க. விடாமல் வாந்தி வந்தால் வீட்டில் சீரகத்தண்ணி கொடுத்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தயமின் என்ற வைட்டமின் பி1 குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, மீதிச் சோற்றை வழித்துச் சாப்பிடும் வாழ்க்கையில் இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று நீங்கள் கேட்கலாம். மத்தியான டப்பாவை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் சுண்டலோ அவித்த முட்டையோ வைத்துப் பொழுதோட போண்டா நேரத்தில் சாப்பிடுங்கள். டீ இரண்டு போதும், சர்க்கரை இல்லாமல். ஆறு டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் போனால் அதுவே 60 கிராம் சர்க்கரை. இதை ஆபரேஷனுக்குக் காத்திருக்காமல் நாளைக்கே தொடங்கலாம். வீட்டில் சமையல் உங்கள் மாமியார் கையில் என்றால் அவருக்கும் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். சர்க்கரைக்கான வயிற்று ஆபரேஷன் என்று சொன்னால் அது பொய் இல்லை.

ஊசி பற்றி: மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வெகோவி 2025 ஜூனிலும் நம் நாட்டுக்கு வந்தன. வாரம் ஒரு ஊசி. நன்றாகவே வேலை செய்கின்றன. மவுன்ஜாரோவின் உயர்ந்த அளவில் 72 வாரத்தில் சராசரியாக 20 சதவீதம் வரை எடை குறைந்தது. நிறுத்தினால் பெரும்பகுதி திரும்பி வருகிறது, ஆகவே இது ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டிய செலவு. கணையத்தில் அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் உள்ளவர்கள் அதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கத்திக்குப் பயந்தால் இதை முதலில் முயன்று பார்ப்பது நியாயமான வழிதான். பக்கத்து வீட்டு ஊசியைப் பார்த்து அளவு போடுவது மட்டும் வேண்டாம்.

பணம். 2021 செலவு அழகுச் சிகிச்சைக் கணக்கில் போனது, அதற்குக் காப்பீடு கிடையாது. எடைக்குறைப்பு அறுவை அப்படி இல்லை. காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொது விதிப்படி பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால், அல்லது 35ஓ அதற்கு மேலோ இருந்து கட்டுக்கு வராத இரண்டாம் வகைச் சர்க்கரை, கடுமையான ஸ்லீப் அப்னியா, இதய நோய் போன்றவை இருந்து, மற்ற வழிகளில் முயன்றும் எடை குறையவில்லை என்றால் காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும். உங்கள் எச்.பி.ஏ1.சி 8.4உம் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டும் இங்கேதான் உதவும். உணவியலாளரிடம் போன சீட்டுகள், மாதாமாதம் எடை பார்த்த குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் சேருங்கள். கம்பெனியில் குரூப் பாலிசி இருந்தால் அதில் காத்திருப்புக் காலம் உண்டா என்று உங்கள் எச்.ஆரிடம் கேளுங்கள். மறுபடி நகையை அடகு வைப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

மறுபடி ஏறாது என்பதற்கு நிச்சயம் உண்டா என்றால், இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் பலருக்குக் கொஞ்சம் திரும்புகிறது, சிலருக்கு நிறையவே. குறைந்த எடையை உடம்பு பஞ்சகாலம் என்று எடுத்துக்கொண்டு பழைய எடைக்கு இழுக்கப் பார்க்கும். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறும், அதற்காக யாரும் நோயாளியைத் திட்டுவதில்லை. எடை நோயும் அப்படிக் காலத்துக்கும் பார்த்துக்கொள்ள வேண்டிய நோய்தான். ஆகவே ஆபரேஷன் செய்பவரிடம், ஐந்து வருடம் கழித்தும் என்னை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அடுத்த முறை ஈரோடு போகும்போது வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். அவர் கேள்விகளையும் டாக்டர் காதால் கேட்கட்டும்.

கேள்வி: வயது 27, திருப்பூரில் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். 170 செ.மீ., 92 கிலோ. தை மாதம் கல்யாணம். அதற்குள் வயிற்றுக்கு லைப்போசக்ஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: மேலே உள்ள கடிதத்தை ஒருமுறை படித்துவிடுங்கள் தம்பி. உங்கள் பி.எம்.ஐ. 31.8. ஆண்களுக்கு வயிற்றில் சேரும் கொழுப்பில் கணிசமான பகுதி குடலைச் சுற்றி இருக்கும், லைப்போசக்ஷன் குழாய் அங்கே போகவே போகாது. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுப்பதைப் பெரிய அளவு என்கிறார்கள், அதற்கு மேல் ஆபத்தும் கூடும். தைக்குள் முடிக்க வேண்டும் என்பது கல்யாண மண்டபத்துக்கு உள்ள அவசரம், உடம்புக்கு இல்லை. சர்க்கரை, ஈரல், பிரஷர் பாருங்கள். பொண்ணு வீட்டில் யாராவது உங்கள் இடுப்பைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தப் பேச்சுக்கு ஆபரேஷன் பதில் ஆகாது.

கேள்வி: பொள்ளாச்சி, வயது 29. பைபாஸ் செய்து 14 மாதம். 118 கிலோவிலிருந்து 79க்கு வந்துவிட்டேன், எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அடிவயிற்றுத் தோல் மடிந்து, மடிப்பில் வேர்வைப் புண் வருகிறது. முடியும் கொட்டியது, இப்போது பரவாயில்லை. டம்மி டக் செய்யலாமா? குழந்தைக்கும் திட்டமிடுகிறோம்.

பதில்: உங்கள் வரிசை சரியான வரிசை. எடை முதலில், தோல் பிறகு. ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள். எடை இறங்குவது நின்று, சில மாதம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். பொதுவாக ஆபரேஷனிலிருந்து ஒன்றரை வருடம் ஆகும். அதற்குமுன் செய்தால் தோல் மறுபடி தளரும். குழந்தை ஆசை இருப்பதால் பிரசவத்தை முடித்துவிட்டே டம்மி டக் செய்யுங்கள், இல்லையென்றால் தைத்த தசை கர்ப்பத்தில் மறுபடி விரியும். கர்ப்பத்துக்கு 12 முதல் 18 மாத இடைவெளி வேண்டும் என்பார்கள், நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். எடை நிற்கிறதா என்று உங்கள் அறுவை மருத்துவரைக் கேட்டுவிட்டு, கருத்தரிப்பதற்கு முன்பே பி12, இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி அளவுகளைப் பாருங்கள். முடி கொட்டுவது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பலருக்கும் வருவதுதான். ஒரு வருடம் தாண்டியும் கொட்டினால் இரும்பும் புரதமும் குறைவா என்று பாருங்கள்.

மகப்பேறு மருத்துவரிடம் பைபாஸ் செய்ததை முதல் நாளே சொல்லிவிடுங்கள். கர்ப்பகாலச் சர்க்கரைக்காக எல்லோருக்கும் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கக் கொடுப்பார்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு அது படபடப்பையும் மயக்கத்தையும் கொண்டுவரும். அதற்குப் பதிலாக ஒரு வாரம் வீட்டிலேயே விரல் நுனியில் சர்க்கரை பார்த்துக் குறித்துத் தரும் வழி உண்டு, அதைக் கேளுங்கள். மடிப்புப் புண்ணுக்குக் குளித்ததும் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள், மடிப்புக்கு நடுவே அந்தத் துணியையே வைத்துக்கொள்ளுங்கள். சிவந்து நாற்றம் வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். பவுடர் கொட்டாமல் தோல் மருத்துவரிடம் களிம்பு வாங்குங்கள். படமெடுத்து, எத்தனை தடவை வந்தது என்று தேதியோடு குறித்து வையுங்கள். பின்னால் டம்மி டக் செலவைக் காப்பீட்டில் கேட்கும்போது, அழகுக்காக இல்லை, மருத்துவக் காரணத்துக்காக என்று காட்ட அந்தக் குறிப்பு வேண்டியிருக்கும்.